மாலேயிலிருந்து அட்டு வரை அறுபடாத பெயர்

குருதிக்கொடையாளர் பதிவகத்திலிருந்து பணிநிறைவு பெறும் அப்பாஸ் மணிக்கு அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுருகிப் படைக்கும் மடல்

அலைகடல் சூழ்ந்த தீவுகளின் அயராத காவலரே! பெயரைக் காத்து உயிரைக் காத்த பெருந்தகையே! வாயில் பாக்குச் சீவல் இல்லாமல் எந்த வயரையும் தொடாத எங்கள் அண்ணன் அப்பாஸ்பே! உங்களுக்கு எங்கள் ஸலாம்.

எந்தத் தீவில் யாருக்கு என்ன இரத்தம் என்று சொல்லும் நம் வலைத்தளம், மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடுப்பைப் போன்றது. அணைந்தால் வீடு கலங்கிவிடும். தளத்தின் பெயரைக் கேட்பவருக்கு அதன் முகவரியைச் சொல்லும் பெயர் சர்வர்கள் இரண்டு, தலைநகர் மாலேயில் இருந்தன. முகவரி சொல்ல ஆளில்லாவிட்டால் தளம் நன்றாக இருந்தும் இல்லாததுதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டது மட்டும் உங்களுக்குத்தான்.

நிலநடுக்கோட்டுக்கும் தெற்கே, அட்டுவின் மருத்துவமனையில், தளத்தின் நகல் ஒன்றை வைத்தபோதே பக்கத்தில் மூன்றாவது பெயர் சர்வரையும் வைக்க வேண்டுமென்று அடம்பிடித்தீர்கள். கணக்குப் பிரிவின் ஸுஹைல் சும்மா இருப்பாரா? "அப்பாஸ்பே, இங்க ரெண்டு பேர் பதில் சொல்றப்ப அங்க மூணாவது ஆள் எதுக்கு? மீன் பிடிக்கவா?" என்றார்.

"ரெண்டும் ஒரே தெருவுல இருக்குடா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கப்பலேறினீர்கள். அங்குள்ள தொலைபேசி நிலையத்தாரிடம் மன்றாடி, அட்டு மக்கள் நம் தளத்தைத் தேடினால் கேள்வி முதலில் அந்த மூன்றாவது சர்வருக்கே போகும்படி அமைத்துவிட்டுத்தான் திரும்பினீர்கள்.

பிறகு அட்டுவை மாலேயோடு இணைக்கும் கடலடிக் கம்பி அறுந்தது. அட்டுவுக்குள் தொலைபேசிகள் பேசின. அட்டுவை விட்டு ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. அன்று நம்மோடு பணிபுரியும் நஸீமாவின் தங்கை ஷீஸா அங்கே பிரசவ வலியில் இருந்தாள். அவளுடையது கிடைத்தற்கரிய இரத்தம். நஸீமா உங்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது சர்வர் விழித்திருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கும் வழியில்லை. வாயில் பாக்குச் சீவல் இல்லாமல் உங்களை நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கம்பி இணைந்ததும் வந்த முதல் அழைப்பு ஷீஸாவினுடையது. "அக்கா, எனக்கு ரத்தம் நிக்கவே இல்ல. நர்ஸ் போன்ல நம்ம தளத்தைத் தொறந்தாங்க, தொறந்துச்சு. பக்கத்துல ஃபெய்தூ தீவுலருந்து ரெண்டு பேர் பைக்ல வந்து ரத்தம் குடுத்தாங்க. பொண்ணு பொறந்திருக்கா." கம்பி அறுந்ததே தெரியாது அவளுக்கு. மூன்றாவது சர்வர்தான் பக்கத்திலிருந்த நகலின் முகவரியைச் சொல்லியிருக்கிறது. உலகமே துண்டுபட்டுக் கிடந்தபோது ஒரு பெயர் மட்டும் துண்டிக்கப்படாமல் நின்ற அந்த அதிசயத்தின் முன் நாங்கள் வாயடைத்துப் போனோம். இன்றுவரை வாய் திறக்கவில்லை என்பதால்தான் எழுதித் தருகிறோம்.

கண்ணியம் மிக்கவரே! இந்த மடலை வாசிக்கத் தொடங்குமுன், நஸீமா தன் கையாலேயே மாலேயின் இரண்டு பெயர் சர்வர்களையும் நிறுத்திவிட்டு வந்தாள். எழுந்து ஓடாதீர்கள், உட்காருங்கள். இவ்வளவு நேரமும் நீங்கள் அட்டுவில் வைத்த அந்த மூன்றாவது சர்வர் ஒன்றே பதில் சொல்ல, தீவுகள் எங்கும் தளம் திறந்துகொண்டேதான் இருக்கிறது; ஒரு புகார்கூட வரவில்லை. நோயற்று, நிறைவாழ்வு பெற்று, இனியாவது நிம்மதியாகத் தூங்குங்கள் அப்பாஸ்பே.

என்றும் உங்கள் அன்பில்,
குருதிக்கொடையாளர் பதிவகப் பணியாளர்கள்,
மாலே, அட்டு