ஒரு சாண் குடல்

ஜன்னத்: பஸ்ஸு குலுக்குற குலுக்குல கை மரத்துப் போவும்... புள்ளையக் குடும்மா, கொஞ்ச நேரம் நான் வச்சிக்கிறேன்.

சுகிர்தா: வேணாம் பெரியம்மா. நெடுங்காடு போயி எறங்குற வரைக்கும் நானே வச்சிக்கிறேன்.

ஜன்னத்: நெடுங்காடா! நான் காரைக்கால் டவுனு. ஜன்னத்துன்னு பேரு. அஞ்சு புள்ளைய வளத்த மடிம்மா இது, கீழ போட்டுட மாட்டேன்.

சுகிர்தா: ஐயோ, அதுக்கில்ல... இன்னைக்கு யாரும் தொட வேணாம்னு பாக்குறேன். தூங்குறான்.

ஜன்னத்: சரி, சரி. பேரென்ன?

சுகிர்தா: அகரன்.

ஜன்னத்: அங்க கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவருதானே தகப்பன்? பக்கத்துலயே சீட்டு காலியா கெடக்கு, உக்கார வேண்டியதுதானே? ரெண்டு பேருக்கும் சண்டையா?

சுகிர்தா: சண்டையெல்லாம் இல்ல. அவரு... அப்படித்தான். விடுங்க.

ஜன்னத்: பாண்டியில யாரு வீட்டுக்கு வந்தீங்க?

சுகிர்தா: ஆஸ்பத்திரிக்கு. இவன் பொறந்ததுலேர்ந்து அங்கயேதான் கெடக்குறோம்.

ஜன்னத்: அடியாத்தி. புள்ளைக்கு என்ன?

சுகிர்தா: பொறந்த அன்னைக்கே பச்சப் பச்சையா வாந்தி. குடல் முறுக்கிக்கிச்சு, ரத்தம் போவாம கருத்துப் போச்சுன்னு வெட்டி எடுத்துட்டாங்க. மிச்சம் நின்னது ஒரு சாண்தான்.

ஜன்னத்: ஒரு சாண் வயிறுன்னு சொல்லுவோம். குடலே ஒரு சாணா... அல்லாவே! அப்ப பால் குடிச்சா?

சுகிர்தா: குடிச்சது குடிச்ச மாதிரியே வெளிய போயிடும். ஒடம்புல ஒட்டாது. அதான் நெஞ்சுல குழாயைச் சொருவி, ரத்தத்துலயே சத்து ஏத்துனாங்க.

ஜன்னத்: ஒன் பாலு?

சுகிர்தா: பீச்சிப் பீச்சித் தொட்டியில ஊத்துனேன்.

ஜன்னத்: பையில வர்க்கி பிஸ்கட்டு இருக்கு. ஒண்ணு தரவா?

சுகிர்தா: எறங்காது பெரியம்மா. நீங்க சாப்புடுங்க.

ஜன்னத்: நான் ஒருத்தி, தின்னுக்கிட்டே வாயக் கிண்டுறேன்... அப்புறம் என்னதான் பண்ணாங்க?

சுகிர்தா: இன்னொரு ஆபரேஷன். அந்த ஒரு சாண் குடல் பருத்துப் பருத்துப் பை மாதிரி ஆயிடுச்சாம். இந்தப் பக்கத்துலேர்ந்து பாதி வரைக்கும் ஒரு வெட்டு, அந்தப் பக்கத்துலேர்ந்து பாதி வரைக்கும் ஒரு வெட்டு, இப்படி மாத்தி மாத்தி வெட்டித் தைப்பாங்களாம். அகலம் கொறைஞ்சு நீளம் கூடுமாம்.

ஜன்னத்: வெட்டுனா எப்படிம்மா நீளும்? எங்க வாப்பா டெய்லரு, எனக்கே வெளங்கலயே!

சுகிர்தா: எனக்கும்தான் வெளங்கல. அவரு சொல்லித்தான் புரிஞ்சிச்சு. எங்களுது கடைமடை நெலம், ஆத்துத் தண்ணி கடைசியாத்தான் வரும். "வாய்க்கா நேரா கெடந்தா தண்ணி ஓடிப் போயிடும் புள்ள, வளைச்சு வளைச்சு விட்டாத்தான் வயலு குடிக்கும், அதத்தான் செய்யப் போறாங்க"ன்னாரு. ஊருக்கெல்லாம் போன் போட்டு அதையே சொன்னாரு.

ஜன்னத்: அதான் மம்பட்டியக் குடுத்தா மடை மாத்திருவேன்னு நிக்கிறாரா! ... சிரிம்மா. நீண்டுச்சா, இல்லயா?

சுகிர்தா: நீண்டுச்சு. ஒன்றரைச் சாண். சொட்டுச் சொட்டா பால் வைக்கச் சொன்னாங்க. நாக்கைச் சப்புக் கொட்டுனான் பெரியம்மா. தங்குச்சு. வெளிய போவல.

ஜன்னத்: அல்ஹம்துலில்லாஹ்!

சுகிர்தா: அப்புறம் காய்ச்ச வந்துச்சு. நெஞ்சுல இருந்த குழாய் வழியா ரத்தத்துல கிருமி பூந்துடுச்சு.

ஜன்னத்: இப்ப?

சுகிர்தா: இப்ப... காய்ச்ச இல்ல.

ஜன்னத்: குழாயி?

சுகிர்தா: எல்லாத்தையும் கழட்டிட்டாங்க.

ஜன்னத்: அப்ப தேறிட்டான்னு சொல்லு! அதுக்கு ஏன் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு... இரு, கால் வெளிய தெரியுது. மூடி விடுறேன்.

சுகிர்தா: வேணாம், நானே...

ஜன்னத்: ...

சுகிர்தா: பெரியம்மா?

ஜன்னத்: மூடிட்டேன்மா. ... நீயே வச்சிக்க. இனி கேக்க மாட்டேன்.

சுகிர்தா: பஸ்ஸு ஏன் நிக்குது?

ஜன்னத்: செக்போஸ்ட்டு. பாண்டிச் சரக்கு யாராச்சும் தமிழ்நாட்டுக்குள்ள கடத்துறாங்களான்னு ஏறிப் பாப்பாங்க. நமக்கென்ன, நீ சும்மா இரு.

பெண் போலீஸ்: மடியில என்னம்மா?

சுகிர்தா: புள்ளதாங்க.

பெண் போலீஸ்: பையில?

சுகிர்தா: துணி... பால் புட்டி.

பெண் போலீஸ்: பால் புட்டியா, மத்த புட்டியா? போன வாரம் ஒருத்தி இப்படித்தான், துணியில சுத்தி ஆராரோ பாடிக்கிட்டே வந்தா. புள்ளையத் தட்டுனா கிளிங் கிளிங்குங்குது! துணிய வெலக்கு.

சுகிர்தா: வேணாங்க மேடம்... தொடாதீங்க...

பெண் போலீஸ்: ஏன், தொட்டா ஒடைஞ்சிருமா? வெலக்கும்மா!

ஜன்னத்: சத்தியமா புள்ளதாம்மா. நான் பாத்தேன். குடல் ஆபரேஷன் பண்ண ஒடம்பு.

பெண் போலீஸ்: நீங்க யாரு நடுவுல? அவங்க பொட்டு வச்சிருக்காங்க, நீங்க துப்பட்டி போட்டிருக்கீங்க. கூட்டா?

ஜன்னத்: ஆமா, கூட்டுதான். ... காட்டிடு தாயி. மொகத்த மட்டும் காட்டு. என் துப்பட்டியால மறைச்சிக்கிறேன், வேற யாருக்கும் தெரியாது.

பெண் போலீஸ்: அய்யோ... என்னம்மா இது?

சுகிர்தா: மேடம், எறக்கி மட்டும் விட்டுடாதீங்க...

பெண் போலீஸ்: மூடும்மா. மூடிக்க. ... சார்! இங்க ஒண்ணுமில்ல சார். கைப்புள்ள. தூங்குது. வண்டி போவட்டும், ரைட்!

ஜன்னத்: கெளம்பிடுச்சு. ... அழுவாத, முன் சீட்டுக்காரன் திரும்புறான். காலைத் தொட்டப்பவே எனக்குத் தெரியும்மா. எப்ப போனான்?

சுகிர்தா: விடியக்காலம்பற.

ஜன்னத்: ஆஸ்பத்திரியில வண்டி குடுப்பாங்களே புள்ள. இப்படி எல்லார்ட்டயும் மறைச்சு, பஸ்ஸுல, மூணு மணி நேரம்...

சுகிர்தா: குடுத்தாங்க. அவரும் அதுல போவோம்னுதான் சொன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன். அதுல பெட்டியில படுக்க வச்சிடுவாங்க பெரியம்மா. பொறந்ததுலேர்ந்து ஒரு குழாயி இல்லாம இவன நான் மடியில வச்சதே இல்ல. ஊருல குழி வெட்டியிருப்பாங்க, எறங்குன ஒடனே வாங்கிக்குவாங்க. அதுவரைக்கும்தான் எனக்கு.