ஷெரீஃப் விடுமுறையில் இருக்கிறார்

மான் வேட்டையின் முதல் நாள். பொழுது விடிந்ததிலிருந்து ஏரியைச் சுற்றிய காடெல்லாம் வேட்டுச் சத்தம். மரவீட்டு அடுப்படியில் ஷெரீஃப் ஆர்லன் நோவாக் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கவுண்டி எனப்படும் அந்த மாவட்டத்தின் போலீஸ் தலைவரான ஷெரீஃபை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். போன தேர்தல் வரைக்கும் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவிய மனிதர், வாயாலேயே ஜெயித்தவர். கரண்டியைக் கீழே வைக்காமலே எடுத்தார்.

"ஹலோ... யாரு, வாண்டாவா? ஸ்டேஷன்ல வயர்லெஸ்ஸை விட்டுட்டு எனக்கு எதுக்கும்மா போன்... ஆமா, ஆமா, லீவுலதான். கவுண்டி சபைக்காரங்க மறுபடி கேட்டாங்களா? அவங்களுக்கு எதுக்கு நான் கணக்கு சொல்லணும்? ஓட்டுப் போட்டவங்கதான் என் முதலாளி. அவங்க எல்லாரும் இன்னிக்கு மரத்து மேல மானுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க, போய்க் கேக்கச் சொல்லுங்க...

"சரி, சரி, விளையாடல. சொல்லுங்க...

"டுவெய்ன் வீட்டுலயா? பொண்டாட்டியை மறுபடி அடிச்சானா? ... உள்ள வச்சுப் பூட்டிட்டானா... ரூத் போயிருக்காளா? தனியாவா? ... ஆமா, மத்த ரெண்டு போலீஸ்காரங்களையும் லீவு குடுத்து வேட்டைக்கு அனுப்பினது நான்தான். ஆமாங்கறேன்ல... அட, ரூத்துக்கு என்ன பயம்? தேர்தல்ல எங்கிட்ட தோத்தாளே தவிர, முறையா போலீஸ் பயிற்சி எடுத்தவ. எங்கிட்ட சட்டம் கேட்டது ஓட்டு மட்டும்தான். நான் படிச்சதெல்லாம் மாட்டுப் பல்லு...

"என்ன சொல்லிட்டுப் போனா? ... டுவெய்ன்கிட்ட பறிச்ச துப்பாக்கி நம்ம ஸ்டேஷன் அலமாரியிலதான இருக்கு, அவன் வெறுங்கைதான்னு சொன்னாளா? ..."

அடுப்பில் முட்டை கருகத் தொடங்கியது. ஆர்லன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வாண்டா... அலமாரியில இல்லம்மா. நான் எடுத்துக் குடுத்துட்டேன். புதன்கிழமை... வாசல்ல வந்து நின்னு அழுதான். 'ஊரே காட்டுக்குப் போகும், நான் மட்டும் ஜன்னலோரம் உக்காந்திருந்தா என் மகன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்'னான். நம்ம ஊர்ல மான் சீசன்ல துப்பாக்கி இல்லாதவனை மனுஷனாவா மதிக்கிறாங்க? மனசு கேக்கல... துப்பாக்கியை அவன்கிட்ட குடுக்கக்கூடாதுன்னு நீதிபதி உத்தரவு இருந்துச்சு, ஆமா. அதை நான் மீறக்கூடாதுன்னு... தெரியாதும்மா! எனக்கு யார் சொல்லிக் குடுத்தா? ... யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கே இங்க கிளம்பி வந்துட்டேன்...

"வயர்லெஸ்ல கூப்பிடுங்க. இப்பவே... எடுக்கலையா? திரும்பக் கூப்பிடுங்க! ... சத்தத்தைக் குறைச்சுட்டுப் போயிருக்காளா? எதுக்கு? ... ஓ. கதவுகிட்ட போறது உள்ள கேக்கக்கூடாதுன்னு. அதுவும் பயிற்சியில சொன்னதாக்கும்...

"உத்தரவா? நான் என்ன உத்தரவு போட? நீங்களே சொல்லுங்களேன், உங்களுக்குத் தெரியும்ல... பக்கத்து கவுண்டிக்காரங்களைக் கூப்பிடுங்க. என் பேரைச் சொல்லுங்க... இல்ல இல்ல, ரூத் பேரைச் சொல்லுங்க, வேகமா வருவாங்க...

"போனை வைக்காதீங்க. மைக்குக்குப் பக்கத்துல பிடிங்க, நான் பேசறேன்... ரூத்! அம்மாடி, கதவுகிட்டப் போகாத! அவன் கையில...

"என்ன சத்தம் அது? ... வாண்டா? உங்க ஜன்னலுக்கு வெளியில இருக்கும். இன்னிக்கு ஊர் பூரா வேட்டுதானே... வயர்லெஸ்லேருந்தா? ... அவ பட்டனை அழுத்தினாளா? அப்ப ஏதாவது பேசியிருப்பாளே... பேசலையா? ...

"அழாதீங்க வாண்டா. மான்தான்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை, மான்தான்னு..."

இணைப்பு அறுந்துவிட்டது. ஏரிக்கு அக்கரையில் இன்னொரு வேட்டு வெடித்தது. யாரோ கை தட்டிச் சிரித்தார்கள்.