ஓர் ஒலிக்கு ஒரே பொருள்

பொன்மாலை வெயில் புல்வெளியெங்கும் பாய் விரித்திருக்கும் இவ்வேளையில், அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் திருநாவுக்கரசு அவர்களே, கோலா கிளாவாங்கிலிருந்து மலைப்பாதையில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்திருக்கும் சங்கத் தோழர்களே, பால்வாளி சுமந்த தோளில் பிள்ளையையும் சுமந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, முள்வேலியோரம் நம்மைக் காத்து நிற்கும் மலாய்ச் சகோதரர்களே, இத்தோட்டத்துத் தொழிற்சங்கச் செயலாளன் வீரமுத்து உங்கள் முன் தலைவணங்குகிறேன்.

ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புதிய புகைக்கூடத்தைத் திறக்கக் கூடியிருக்கிறோம். கல்லையும் மரத்தையும் புகழ்வது என் நோக்கமன்று. நம் செவிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. வேலி வந்தது. வேலியோடு ஆலைக் கூரையில் ஒரு சங்கும் வந்தது. காட்டோரம் துப்பாக்கி வெடித்தால் சங்கு ஊதும். கதவைச் சாத்தித் தரையோடு தரையாய்ப் படுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சங்கை நாம் எதற்கெல்லாம் ஊதினோம்? விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஊதினோம். ரப்பர் பால் நிறுக்க ஊதினோம். அரிசி அளக்க ஊதினோம். மருத்துவர் வந்தால் ஊதினோம், லாரி வந்தால் ஊதினோம். அங்கே ஒரு தாய் ஏதோ சொல்கிறார். ஆம் அம்மா, துரையின் காருக்கு டயர் வெடித்தபோதும் ஊதினோம், நான் மறக்கவில்லை. ஓயாமல் ஊதும் சங்கை எந்தச் செவி மதிக்கும்? எந்தக் கால் அதற்காக ஓடும்?

ஒரு நண்பகல். புகைக்கூடத்தின் மேல்தட்டில் நின்று ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார் தாயம்மா. ஷீட்டு ஒன்று நழுவிக் கீழே அடுப்பில் விழுந்தது. நெருப்பு நாவை நீட்டியது. எஞ்சின்காரர் சன்னாசி பதறிப் போய்ச் சங்கை ஊதினார். நம் வீட்டு வரிசையான லயத்தில் என்ன நடந்தது? பாதிப் பேர் அரிசி என்று எண்ணிப் பையைத் தேடினோம். பாதிப் பேர் துப்பாக்கி என்று எண்ணித் தரையில் படுத்தோம். நெருப்பு என்று எண்ணியவர் எவர்? ஒருவருமில்லை.

தாயம்மாவோடு வேலை செய்யும் முத்தாயி புகைக்கூட வாசலில் நின்று வழியைப் பார்த்தார். எவரும் வரவில்லை. நனைந்த சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு தனியாகவே உள்ளே நுழைந்தார். தாயம்மாவை இழுத்து வந்தார். உயிர் தப்பியது. தாயம்மாவின் கைகள் இரண்டும் வெந்துபோயின.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் தாயம்மா கேட்ட கேள்வியை முத்தாயி வந்து நம்மிடம் சொன்னார். "சங்கு ஊதுனது எனக்கே கேட்டுச்சுக்கா. ஒருத்தரும் வரலையே. எம்மேல எல்லாருக்கும் அப்படி என்ன கோவம்?" சபையோரே, அந்தக் கேள்விக்கு முன்னால் நம்மில் யார் தலை நிமிர்ந்து நின்றோம்?

அலுவலகத்தில் கூடினோம். பெரிய துரை கவலையோடுதான் பேசினார். "இன்னும் ரெண்டு சங்கு வாங்கி வைப்போம். பெரிய சத்தம் வரும்" என்றார்.

முத்தாயி எழுந்தார். "தொரை, சத்தம் பத்தாததால யாரும் வராம போகல. எல்லாருக்கும் கேட்டுச்சு. எதுக்குன்னுதான் தெரியல. இன்னும் ரெண்டு வச்சா இன்னும் கொழப்பம்தானே லா."

கணக்கெழுதும் கிராணியார் சிவசிதம்பரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஓம், அரிசிக்கும் பாலுக்கும் ஊதச் சொன்னது நான்தான். எனக்கு அது லேசாயிருந்தது. நாளையிலயிருந்து வேலையைப் பாக்கிற மண்டோர் லயத்துக்குப் போய்க் கூப்பிடட்டும்."

அன்றே சட்டம் பிறந்தது. துப்பாக்கிக்கு மட்டும் சங்கு. நெருப்புக்கு மட்டும், ஆலை வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டு. கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் கத்தும் விசில் சன்னாசிக்கு மட்டும். அந்த விசிலும் காரணமில்லாமல் நாளெல்லாம் கத்தியதால், கந்தல் துணியை அடைத்து அதன் வாயை மூடி வைத்திருந்தார் அவர். அதைச் சீர்செய்து, கந்தலைப் பிடுங்கி எறிந்தார். இப்போது அது கத்தினால் காரணம் இருக்கிறது, அவர் ஓடுகிறார்.

அந்தக் கூட்டத்திலேயே துரை கேட்டார்: "ரெண்டு ஆபத்தும் சேந்து வந்தா?"

காவற்படைச் சார்ஜன் தயங்கவில்லை. துப்பாக்கிதான் முதலில், சங்கு ஓயும்வரை எது எரிந்தாலும் எவரும் எழக்கூடாது என்றார்.

"உள்ள ஆளு இருந்தா?" என்று கேட்டார் முத்தாயி. அந்த வாரமே புகைக்கூடத்தின் பின்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தோம். எந்த ஒலி கேட்டாலும் உள்ளிருப்பவர் அவ்வழியே இறங்கிக் கால்வாயில் பதுங்க வேண்டும். யார் வாளி எடுப்பது, யார் பிள்ளைகளைப் பார்ப்பது, எல்லாம் பேசி, பழகி, சலித்து, மீண்டும் பழகினோம்.

பிறகு வந்தது அந்தக் காலைப்பொழுது. பால் வந்து இறங்கும் நேரம். காட்டோரம் துப்பாக்கி வெடித்தது. சங்கு அலறியது. அரிசிப் பையைத் தேடியவர் உண்டா? வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர் உண்டா? கண்மூடித் திறப்பதற்குள் தோட்டமே தரையில் கிடந்தது.

சற்று நேரத்தில் புகைக்கூடத்தின் கூரையில் தீ. பலகை இடுக்கு வழியே பார்த்தோம். நம் உழைப்பு எரிகிறது, நம் வேர்வை எரிகிறது, ஓடிப் போய் அணைக்கக் கால் துடிக்கிறது. சன்னாசி தண்டவாளத்தின் அடியில் சுத்தியலைப் பிடித்தபடி படுத்திருக்கிறார். அடிக்கவில்லை. கை குணமாகி வேலைக்குத் திரும்பியிருந்த தாயம்மா பின்கதவு வழியே இறங்கிக் கால்வாய்ச் சேற்றில் கிடக்கிறார். எவரும் எழவில்லை. ஓடுவது வீரம் என்று உலகம் சொல்லும். எரிவதைக் கண்ணால் கண்டும் ஓடாமல் கிடந்தீர்களே, அது வீரமில்லையா?

சங்கு ஓய்ந்தது. தண்டவாளம் முழங்கியது. லயத்துக் கதவுகள் அத்தனையும் ஒன்றாய்த் திறந்தன. ஆற்றிலிருந்து ஆலைவரை ஆண்களும் பெண்களும் அணிவகுத்து நின்றோம். வாளிகள் கைக்குக் கை பறந்தன. தழும்பேறிய கைகளோடு தாயம்மா வந்து நின்றார். "நீ ஒதுங்கி நில்லு புள்ள" என்றார் முத்தாயி.

"வாளியக் குடுங்கக்கா. இது என் எடம்" என்றார் தாயம்மா.

புகைக்கூடம் விழுந்தது, உண்மை. ஆனால் ஆலை தப்பியது, எஞ்சின் தப்பியது, லயம் தப்பியது. ஓர் உயிரும் போகவில்லை. ஒரு பிள்ளையும் தாயை இழக்கவில்லை.

தோழர்களே, கத்தித் தீர்க்க யாராலும் முடியும். எப்போது ஒலிக்க வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்று அறிந்த தோட்டம் நம் தோட்டம். கூலிக்கூட்டம் என்று நம்மைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அவர்களிடம் சொல்லுங்கள்: துரையும் கிராணியும் தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்ந்து உயிரைக் காக்கும் ஒழுங்கொன்றை உருவாக்கினோம், அதை நெருப்பின் நடுவே நிறைவேற்றியும் காட்டினோம் என்று. சொல்லும்போது தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

முத்தாயி அம்மையார் இப்போது புதிய கதவைத் திறந்து வைப்பார். தாயம்மா முதல் ஷீட்டைத் தொங்கவிடுவார். பொறுமையோடு செவி தந்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. தோட்டம் வாழ்க, தொழிலாளர் ஓங்குக. வணக்கம்.