ஆச்சரியக்குறிக்கு மட்டும் ஆச்சரியப்படுகிறவர்கள்

அவையை அதட்டாமல் ஆளும் தலைவர் அவர்களே, காய் நகர்த்திக் கை கனிந்த பெரியோர்களே, ஆட்டம் முடியட்டும் என்று வாசலில் காத்திருந்து, பொறுமை தீர்ந்து, எங்களை விட்டுவிட்டு வீடு திரும்பிய தாய்மார்களே, நாங்கள் தோற்றபோது தொலைந்துபோய் ஜெயித்ததும் முதல்வரிசையில் முளைத்திருக்கும் முக்கியஸ்தர்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

நான் இந்தச் சதுரங்கக் கழகத்தின் அணித்தலைவி. தொழிலால் பல் மருத்துவர். பிடுங்குவது எனக்குப் பழக்கம். வலிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம், நிறுத்த மாட்டேன்.

நம் அணி மறுபடி முதல் பிரிவுக்கு ஏறிய விழா இது. மேதைகளின் ஆட்டங்களைப் படிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எப்படிப் படிப்பது என்பது கிடக்கட்டும். எப்படிப் படிக்கிறீர்கள்? அதைச் சொல்லவா?

புத்தகம் வாங்குகிறீர்கள். அட்டை போடுகிறீர்கள். அலமாரியில் அடுக்குகிறீர்கள். வந்தவர் கண்ணில் படும்படி வைக்கிறீர்கள். ஒரு மேதை ஆடிய ஆட்டம். அதற்கு உரை எழுத இன்னொருவர் கண் நோக உட்கார்ந்திருக்கிறார். இந்தச் சிப்பாய் ஏன் நகர்ந்தது, அந்த யானை ஏன் நின்றது என்று வரிக்கு வரி விளக்கியிருக்கிறார். நல்ல நகர்வுக்கு ஆச்சரியக்குறி, தப்பான நகர்வுக்குக் கேள்விக்குறி. நீங்களோ ஆச்சரியக்குறியைக் கண்டால் ஆச்சரியப்படுகிறீர்கள். கேள்விக்குறியைக் கண்டால் ஒரு கேள்வியும் கேட்பதில்லை! உரையா? அது பொடி எழுத்தாம். கண் வலிக்குமாம். மூளை வலித்ததாக இதுவரை ஒருவர்கூட என்னிடம் புகார் சொன்னதில்லை.

என்ன தம்பி? கம்ப்யூட்டர் சொல்லிவிடுமா? சொல்லும், சொல்லும். யார் எவ்வளவு முந்தியிருக்கிறார் என்று ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் உனக்குப் புரிந்ததா என்று அது கேட்காது. அதனால்தான் உனக்கு அதைப் பிடித்திருக்கிறது!

நம் கழகத்தில் ஒருவர் இருக்கிறார். காப்பீட்டு அலுவலக மேலாளர். நாம் அவரை ‘டேப்ரிக்கார்டர்’ அண்ணன் என்று அழைப்போம். காரணம் உண்டு. எந்த மேதையின் ஆட்டத்தைக் கேட்டாலும் முதல் நகர்விலிருந்து மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஒப்பிப்பதைப் பார்த்து மயங்கி, நாம் எல்லோரும் அவரை, அணியிலேயே வல்லவர் உட்காரும் முதல் பலகையில் உட்கார வைத்தோம். ஆமாம், நாம்தான்! கைதட்டியவை எல்லாம் இந்தக் கைகள்தானே?

அவருடைய மனைவி மருந்துக்கடை வைத்திருப்பவர். எனக்கு அண்ணி முறை. நம் நால்வர் அணியில் கடைசிப் பலகை. ஒருமுறை கால் எலும்பு முறிந்து அண்ணி வீட்டோடு கிடந்தார். பொழுது போகாமல் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைக் கேட்டார்.

“உனக்கு எதுக்கு அது? படிச்சாலும் மனசுல நிக்காது. கறை படாமயாவது பாத்துக்கோ” என்றார் அண்ணன்.

அண்ணி என்ன செய்தார்? மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அடுத்த வரியை மறைத்தார். நானாக இருந்தால் என்ன ஆடுவேன் என்று யோசித்தார். பிறகு அட்டையை நகர்த்தினார். மேதை வேறு மாதிரி ஆடியிருந்தால் ஏன் என்று உரையைப் படித்தார். உரையும் ஒப்பவில்லையென்றால் உரைகாரரோடு சண்டை பிடித்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை முழுதும்! கால் கூடியது, ஆட்டமும் கூடியது. யாராவது கவனித்தோமா? இல்லை. அண்ணி ஒப்பிக்கவில்லையே!

வந்தது போன வருடத்துக் கடைசிப் போட்டி. அணி சமன் செய்தால் முதல் பிரிவிலேயே இருப்போம், தோற்றால் கீழே. அண்ணன் தமக்குப் பிடித்த மேதையின் ஆட்டத்தை அப்படியே ஆடிக்கொண்டு வந்தார். அடுத்து வரவேண்டியது, குதிரையைத் தெரிந்தே கொடுத்துத் தாக்கும் புகழ்பெற்ற குதிரைப் பலி. அதற்கு முன் எதிராளி, புத்தகத்தில் இல்லாதபடி, தன் ராஜாவைக் கோட்டைக்குள் ஏற்றிவிட்டார்.

அண்ணன் திகைத்தார். கை தூக்கினார். நடுவர் ஓடி வந்தார்.

“சார், இவர் இப்படி ஆட வேண்டிய இடமே இல்ல இது.”

“விதிப்படி ஆடலாமே சார்?”

“விதி சரி. புத்தகத்துல இல்லையே!”

“அவர் உங்களோட ஆடறார் சார். நீங்க யாரோட ஆடறீங்க?”

சிரிக்காதீர்கள்! அன்று சிரிக்க முடியவில்லை. அண்ணனின் கை மெல்லக் குதிரையை நோக்கிப் போனது. ராஜா நடுவில் மாட்டிக்கொண்டால் மட்டுமே இந்தப் பலி செல்லும், கோட்டைக்குள் போய்விட்டால் குதிரை வீண் என்று உரைகாரர் எழுதியிருந்தார். பொடி எழுத்தில்! அதைப் படித்திருந்த ஒரே ஆள் நாலாம் பலகையில் இருந்தார். அண்ணி பார்த்துவிட்டார். வாய் திறந்தால் விதிமீறல். உதட்டைக் கடித்துக்கொண்டு, புருஷன் கை போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குதிரை போனது. ஆட்டம் போனது. அண்ணி தம் பலகையில் மாலை வரை போராடிச் சமன் செய்தார். மற்ற இரண்டில் நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. சமனுக்கு அரைப் புள்ளி குறைந்து அணியே கீழே போனது.

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணன் கேட்டாராம்: “எந்த இடத்துல தப்பா யோசிச்சேன்?”

“யோசிச்சாத்தானே தப்பா யோசிக்க முடியும்?” என்றாராம் அண்ணி.

மூன்றாம் நாள் அண்ணன் பலகையை எடுத்து வந்து அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தார். அண்ணி அட்டையை வைத்து மறைத்தார். அண்ணன் சொன்ன நகர்வு தப்பு. அடுத்ததும் தப்பு. “இந்த ஆள் எதுக்கு இப்படி ஆடித் தொலைச்சான்?” என்று கத்தினார். அத்தனை வருடம் அந்த மேதையை மனப்பாடம் செய்தவர், அன்றுதான் அவரிடம் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டார்!

இந்த வருடம் அண்ணி முதல் பலகை, அண்ணன் நாலாவது. கடைசிப் போட்டியில் எதிராளி எந்தப் புத்தகத்திலும் இல்லாத நகர்வை ஆடினார். அண்ணன் கை தூக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனப்பாடப்படி பாய்ந்திருக்க வேண்டிய குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். சமன்! அந்த அரைப் புள்ளியில்தான் ஏறினோம்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார்: “குதிரைய ஏன் பின்னால இழுத்தே?”

அண்ணன் காரணம் சொன்னார். நீளமாகச் சொன்னார். அண்ணி உதட்டைப் பிதுக்கினார்: “நானா இருந்தா அப்படி ஆடியிருக்க மாட்டேன்.”

“தெரியும். நீ என்ன ஆடியிருப்பே, ஏன்னு சொல்லு” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார் அண்ணன்.

நடுவர் கதவைப் பூட்ட வந்தபோதும் இருவரும் எழுந்திருக்கவில்லை. என் மக்களே, அதற்குப் பெயர்தான் படிப்பு!

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. முகம் சுளித்துக் கேட்டவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்!