ஏழு வீட்டு வாசலில் வைத்த மீன்

மார்ச் மாதத்தில் ட்ரவுட் மீன் சோம்பல்பட்டுக் கிடக்கும். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது அதற்குப் பசி குறைவு. அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. அது கிடக்கிற இடத்துக்குத் தூண்டிலை மெதுவாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இதை என்னுடைய மொழியில் எழுதலாம் என்று நீங்கள் சொன்னது நல்ல காரியம். ஆங்கிலத்தில் நான் ஷிப்ட் மாற்றக் கேட்பேன், டாக்டரிடம் நோவைச் சொல்வேன். அதற்கு மேல் வராது. தேநீரும் தந்தீர்கள். இதை மொழிபெயர்க்கப் போகிறவருக்கும் என் நன்றி.

என் பெயர் கஸ்பர். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்யவில்லை. லண்டன் மனோர் பார்க்கில் ஓர் அறையில் இருக்கிறேன். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு பூசையை இருபது வருடத்தில் இரண்டு தடவைதான் தவறவிட்டேன், இரண்டும் காய்ச்சல். நான் கோபக்காரன் அல்ல. கோபத்தை நான் ஒரு பாவமாகவே எண்ணுகிறேன்.

அப்மின்ஸ்டருக்கு அப்பால் ஒரு குளம் இருக்கிறது. முன்பு சரளைக்கல் தோண்டிய பள்ளம். அதில் தண்ணீர் நிறைந்த பிறகு ட்ரவுட் விட்டு, டிக்கெட் போட்டுப் பிடிக்க விடுகிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளில் நான்கு மீன். திரும்பத் தண்ணீரில் விடத் தேவையில்லை, வீட்டுக்குக் கொண்டு போகலாம். கரையிலிருந்து பதினைந்து அடி வரை தொடையளவு தண்ணீர்தான். அதற்குப் பிறகு தரை சுவர் போல இறங்கிவிடும். மார்ச்சில் மீன் அந்தச் சுவரின் அடியில் கிடக்கும். அப்போது பாரமான செப்புக் கரண்டித் தூண்டில் வேண்டும். கரண்டி என்றால் சிறு கரண்டி முகம் போல வளைந்த தகடு, கீழே முள் இருக்கும். அதை எறிந்து பன்னிரண்டு வரை எண்ணினால் அடியைத் தொடும். பிறகு இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்த வேண்டும். நிறுத்தும்போதுதான் கடிக்கும்.

ஏப்ரலில் வெயில் வந்தால் வடக்குக் கரைத் தண்ணீர்தான் முதலில் சூடாகும். மத்தியானத்துக்குப் பிறகு மீன் மேட்டுக்கு ஏறி வரும். அப்போது செம்பு உதவாது. சுழலுகிற சின்ன வெள்ளித் தகடு போட வேண்டும். தண்ணீர் கலங்கியிருந்தால் செம்மஞ்சள். மே மாதம் பூச்சி பறக்கத் தொடங்கியதும் மீன் மேலே மட்டும்தான் பார்க்கும். தகடுகளைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டியதுதான். இவ்வளவையும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆறு வருடம் தனியாக நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

2000ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு நேர்த்தி வைத்தேன். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் ஏழு வீட்டார் முடியாதவர்கள். முழங்கால் நோவு, பாரிசவாதம், புருஷனை இழந்தவர்கள், இப்படி. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இறைச்சி தொடுவதில்லை. அந்த ஏழு வீட்டுக்கும் வெள்ளிதோறும் மீன் கொடுப்பது என்று நினைத்தேன். வியாழக்கிழமை பிடித்து, நான்கு மீனையும் பாதி பாதியாக வெட்டுவேன். எட்டாவது பாதி எனக்கு. மற்றவற்றைப் பேப்பரில் சுற்றி, விடிந்ததும் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு வந்துவிடுவேன். ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் செய்தேன். உலகத்தை இப்படிப்பட்ட சின்ன உதவிகள்தான் தாங்கி நிற்கின்றன என்பது என் நம்பிக்கை. இப்போதும் அதைத்தான் நம்புகிறேன்.

சூசைதாசன் 2004இல் ஜெர்மனியிலிருந்து மனைவி மங்கையோடு வந்தவர். என்னைவிட எட்டு வயது இளையவர். மினிகேப் என்கிற வாடகைக் கார் ஓட்டினார். முதுகு பிசகி வேலை நின்றது. கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். பார்க்கப் பாவமாக இருந்தது. மீன் பிடிக்க வருகிறீரா என்று கேட்டேன். அதுவும் ஒரு சின்ன உதவிதான்.

அவர் வாய் ஓயாதவர். "அண்ணை, வெறுங் கரண்டியைக் காட்டினா மீன் வருமோ? கொஞ்சம் சோத்தையும் காட்டுங்கோ" என்பார். எனக்கு இரண்டு மீன் வந்து அவருக்கு ஒன்றும் வராத நாளில், "உங்கட மீன் செபமாலை சொல்லிக்கொண்டு வருது. என்ர மீன் இன்னும் விசாவுக்கு நிக்குது" என்பார். நான் சிரித்திருக்கிறேன். அதை மறைக்கவில்லை.

2005இல் அவருடைய காரில் போனோம். வெள்ளிக்கிழமைகளில் நான் மீனை வைத்துவிட்டு வரும்வரை அவர் தெருவோரத்தில் காத்திருப்பார். முன்பு நான் பஸ்ஸில் போய் வைத்தபோது ஒருவரும் ஒன்றையும் காணவில்லை. இப்போது திரையை விலக்கிப் பார்த்தவர்கள் ஒரு காரைக் கண்டார்கள். சிவப்பு நிறக் கார், ஒரு பக்கம் நசுங்கியது. அது யாருடையது என்று கோயிலில் எல்லோருக்கும் தெரியும்.

2006 தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று, பூசை முடிந்ததும் அறிவித்தல் வாசிப்பவர் மைக்கில் சொன்னார். ஆறு வருடமாக ஏழு வீடுகளுக்கு மறைவில் மீன் கொடுத்து வந்தவரை இப்போது கண்டுபிடித்துவிட்டோம் என்றார். சூசைதாசனை முன்னால் கூப்பிட்டார்கள். அவர் லண்டனுக்கு வந்தே இரண்டு வருடம்தான் என்பதை எண்ணிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் நின்றேன். அவர் என்னைத் தேடிப் பார்த்தார். வாயைத் திறந்தார். கைதட்டல் நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

நானும் கைதட்டினேன். தட்டாமல் இருந்தால் பக்கத்தில் நின்றவர்கள் என்ன நினைப்பார்கள்.

அந்த வாரத்திலிருந்து அவர் மீனை வெளிப்படையாகக் கொடுக்கத் தொடங்கினார். மங்கை அதைத் துப்புரவாக்கி, துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் தடவி, ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து மூடுவார். மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். "தவக்கால அன்பளிப்பு, சூசைதாசன் குடும்பம்." கீழே டெலிபோன் நம்பர். என்னுடைய நான்கு மீனையும் சேர்த்தே கொண்டு போவார். "இனி நீங்கள் குளிருக்குள்ள ஓடித் திரியத் தேவையில்லை அண்ணை, நான் பார்க்கிறன்" என்றார். நான் சரி என்றேன். கொடுப்பதில் பெருமை தேடுகிறவரின் ஆத்துமத்துக்காக மூன்று வாரம் செபமாலை சொன்னேன். என் பெயருக்காக அல்ல. அந்த டப்பா மூடியில் இருந்த எழுத்து இப்போதும் எனக்கு மனப்பாடம். அது கோபம் அல்ல, வருத்தம்.

மூன்று வாரத்தில் அவர் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

என்னிடம் மார்பு வரை வரும் ரப்பர் காற்சட்டை ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குள் நின்று தூண்டில் போட அது வேண்டும். அதற்கு ஓர் இடுப்புப் பட்டி உண்டு. பார்த்தால் ஓர் எளிய பட்டிதான், ஆனால் அது அலங்காரத்துக்கு இல்லை. விழுந்தால் தண்ணீர் காற்சட்டைக் காலுக்குள் இறங்காமல் அது தடுக்கும். பட்டி இல்லாவிட்டால் இரண்டு காலும் நிரம்பிவிடும். பிறகு சரிவில் காலைத் தூக்கி ஏற ஏலாது. இதைச் சூசைதாசன் அறியமாட்டார். அவர் எப்போதும் கரையில் நின்றே பிடித்தவர். புதன்கிழமை பின்னேரம் நான் பட்டியைக் கழற்றினேன். ஏன் கழற்றுகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. மடித்து ஜாக்கெட் பையில் வைத்தேன்.

வியாழன், மார்ச் இருபத்துமூன்று. நல்ல குளிர். குளத்தில் எங்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. காலையில் எனக்கு இரண்டு மீன், அவருக்கு இரண்டு. பிறகு கடி நின்றுவிட்டது. எனக்கு இன்று கால் விறைக்கிறது, நீர் இறங்கிப் பாரும் என்று காற்சட்டையைக் கொடுத்தேன். அவருக்குச் சந்தோஷம். போட்டுக்கொண்டே சொன்னார்:

"அண்ணை, ஒரு விசயம். அண்டைக்குச் சனம் எழும்பிக் கைதட்டினவுடன எனக்கு வாய் வரேல்லை. ரெண்டு வருசமா இந்த ஊரில ஒருத்தரும் என்னைப் பார்த்து ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. ஒரு கிழமை நல்லா இருந்துது, பொய் சொல்லேல்லை. பிறகு நித்திரை இல்லை. வாற ஞாயிறு பூசை முடிய நானே மைக்கில சொல்லுறன், எல்லாம் கஸ்பர் அண்ணையின்ர மீன் எண்டு."

"மங்கைக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை. அவவும் சனத்தோட சேர்ந்து கேக்கட்டும். உங்களுக்கு என்னில கோவம் எண்டு எனக்குத் தெரியும்."

"எனக்கென்ன கோவம்," என்றேன். என் கை பைக்குள் பட்டியின் மேல் இருந்தது.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். அவர் திருந்திவிட்டார், பிறகு ஏன் என்று கேட்பீர்கள். நானும் அப்போது யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் மைக்கைப் பிடிப்பார். கண் கலங்கும். சனங்கள் எழுந்து மறுபடியும் அவருக்குத்தான் கைதட்டுவார்கள், எவ்வளவு நேர்மையான மனிதன் என்று. நான் பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். என் ஆறு வருடத்தையும் டப்பாவில் போட்டு, மூடியில் தன் பெயரை ஒட்டி, எனக்கே தருவார். நான் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவர் தண்ணீரில் இறங்கினார். பத்தடி போய் நின்று கரண்டியை எறிந்தார். இரண்டு தரம், மூன்று தரம்.

"ஒண்டும் தட்டேல்லை அண்ணை. மீன் எல்லாம் லீவில போயிட்டுதோ?"

"இன்னும் நாலடி போம், சூசை. அது சுவருக்குக் கீழ கிடக்குது."

நான் பொய் சொல்லவில்லை. மீன் அங்கேதான் கிடந்தது.

அவர் நான்கடி போனார். ஐந்தாவது அடியும் வைத்தார். சத்தம் பெரிதாக இல்லை. ஒரு தரம் மேலே வந்து, "அண்ணை" என்றார். கரையில் தொண்ணூறு அடி தள்ளி ஒரு தூணில் மிதவை வளையம் தொங்குகிறது. நான் அதை எடுக்கப் போனேன் என்று அன்று வந்த உங்கள் போலீஸ்காரரிடம் சொன்னேன். அது உண்மை. போனேன். ஓடவில்லை, நடந்தேன். நடக்கும்போது எண்ணினேன். பன்னிரண்டில் நிறுத்தவில்லை, நூறு வரை எண்ணினேன். வளையத்தை எறிந்தபோது அதைப் பிடிக்க ஒருவரும் இல்லை.

காற்சட்டையில் பட்டி இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. விபத்து என்று முடித்தார்கள். பட்டி என் அறையில், மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நேர்த்தி நேர்த்திதான். அவருடைய பையில் இருந்த இரண்டையும் சேர்த்து நான்கு மீன். வெட்டி, பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் போனேன். ஈஸ்ட் ஹாமில் ராக்கினியம்மா, எழுபத்தொன்பது வயது, நான் மணியடித்துவிட்டுத் திரும்புமுன் கதவைத் திறந்துவிட்டார். தூங்கவில்லை போலும். பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கஸ்பர் தம்பி, இது அவன் பிடிச்ச கடைசி மீனே?"

நான் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஆறு வருசம் என்ர வயிற்றைப் பார்த்த பிள்ளை," என்று சொல்லி, அந்த ஈரப் பேப்பரை முத்தமிட்டு அழுதார். "நீயாவது அவனைப் போல இரு, தம்பி."

என்னைப் பார்த்து அப்படிச் சொன்னார். நான் ஓம் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பின் மங்கைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். வாரம் ஒரு தரம் பாலும் பாணும் வாங்கிக் கொடுத்தேன். கவுன்சிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என் கையைப் பிடித்து அழும்போது நானும் அழுதேன். அது நடிப்பு அல்ல. ஒரு விதவைக்கு இரங்காதவன் மனிதனா.

போன மாதம் குளக்கரையில் அவர் நினைவாக உட்கார ஒரு வாங்கு வைத்தார்கள். பித்தளைத் தகட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து. துணியை விலக்க வேண்டியவர் நான்தான் என்று மங்கை பிடிவாதமாக நின்றார். "அவருக்கு உங்களை விட்டா ஆர் அண்ணை" என்றார். விலக்கினேன். "சூசைதாசன். ஆறு ஆண்டுகள் மறைவில் கொடுத்தவர்" என்று இருந்தது. சனங்கள் கைதட்டினார்கள். ஃபாதர் செபம் சொன்னார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நான்தான் என்று சொன்னால், செத்தவன் பெயரைத் திருடுகிறான் என்பார்கள். எனக்காகப் பேச இருந்த ஒரே சாட்சி அவர்தான்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். இன்று காலை பூசைக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்தேன். மனச்சாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அது சரிதான். பொய் ஒன்று பித்தளையில் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒப்புக்கொள்கிறவன் சொல்வதை நம்புவீர்கள் என்று நினைக்கிறேன். இப்படி ஒரு காரியத்தைத் தன் மேல் போட்டுக்கொள்கிறவன் மற்றதில் பொய் சொல்லமாட்டான் அல்லவா.

சூசைதாசனைக் கொன்றது நான். அந்த ஏழு வீட்டுக்கும் ஆறு வருடம் கொடுத்ததும் நான். முதலில் மீனை எழுதுங்கள்.