“அது தப்பு” என்று சொல்லவைத்த செவ்வாய்க்கிழமைகள்

பண்பின் பெட்டகமே என்று தொடங்கினால், “யாருங்க அது?” என்று திரும்பிப் பார்ப்பீர்கள். ஆகவே, எங்கள் பகல்நேர மையத்திலிருந்து ஓய்வு பெறும் பாசமிகு பயிற்றுநரே, பொறுமையின் பேருருவே, புரியாத சொல்லுக்குப் பெரும்பகையே, அலுவலகக் கூட்டங்களில் கொட்டாவியை மறைக்கத் தெரியாத கோமகளே, வணக்கம்!

கற்றல் சிரமம் உள்ள பெரியவர்களோடு முப்பதாண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்தீர்கள். சுளித்தது எங்களைப் பார்த்து மட்டுமே!

மேசை, நாற்காலி, சோற்றுத்தட்டு எதுவானாலும் தாளம் போடுபவர் நம் மையத்தில் பயிலும் ‘டிரம்ஸ்’ அண்ணன். அவரைப் பார்த்து நீச்சல் குளத்துப் பணியாளர் ஒருவர், “உன் கறுப்பு தண்ணியில கரைஞ்சிடும், வெளிய வா” என்றார். யார் என்ன சொன்னாலும் சிரித்து நன்றி சொல்லும்படி நாம்தான் பழக்கியிருந்தோமே! சிரித்தார், நன்றி சொன்னார். மையத்துக்கு வந்து, தோல் உரியச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பிறகு குளத்துக்கே போகவில்லை. தாளமும் நின்றது.

“இனவெறியைப் பத்தி நம்ம மையத்துக்கு வர்றவங்ககிட்டப் பேசணும்” என்றீர்கள். “புரியாதுங்க, மனசு ஒடிஞ்சிடுவாங்க” என்று கையைப் பிசைந்தோம். “திட்டு புரியுது, திட்டுனது தப்புன்னு மட்டும் புரியாதா?” என்று ஒரே போடாகப் போட்டீர்கள்!

செவ்வாய்தோறும் வட்டமாக நாற்காலிகள். படம் காட்டினீர்கள், நடித்துக் காட்டினீர்கள், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். முந்திக்கொண்டு பதில் சொல்லப் பாய்ந்த எங்கள் வாயைப் பார்வையாலேயே பூட்டினீர்கள். முதலில் அழுகை வந்தது, அப்புறம் கோபம், அப்புறம் ஆளுக்கொரு கதை. “நானும் வேன் டிரைவரை அப்படிச் சொல்லியிருக்கேன்” என்று ஒருவர் விம்மினார். மறுநாளே போய் மன்னிப்பும் கேட்டார்.

பிறகு வந்தது அந்தப் பொன்னாள்! குளத்து மேலாளர் முன் நின்று டிரம்ஸ் அண்ணன் சொன்னார்: “என் நிறத்தைச் சொல்லித் திட்டினாங்க. அது இனவெறி. அது தப்பு. நான் நீந்தணும்.” மேலாளரோ உங்களிடம், “என்னம்மா சொல்றாரு?” என்றார். நீங்கள் சுவர்க் கடிகாரத்தை ரசித்துக்கொண்டிருந்தீர்கள்! வேறு வழியின்றி அண்ணனிடமே கேட்டார்; மன்னிப்பையும் அண்ணனிடமே கேட்டார். அன்றே அண்ணன் குளத்தில் தொப்பென்று குதித்த சத்தம் இருக்கிறதே, அதுவன்றோ எங்கள் வெற்றி முரசு!

நீங்கள் ஓய்வு பெற்றால் அந்த வட்டம் என்னாகும் என்று நெஞ்சு பதறியது. “செவ்வாய் மட்டும் வந்துட்டுப் போங்களேன்” என்று போன வாரம் கெஞ்சினோம். டிரம்ஸ் அண்ணன் உங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. இனிமே கேள்விய நான் கேக்குறேன். இவங்க சொல்லட்டும்” என்று எங்களைக் காட்டினார்.

நோயின்றி, நொடியின்றி, கூட்டமேதுமின்றி நூறாண்டு வாழ்க தாயே!

என்றும் அன்புடன்,
வரும் செவ்வாயன்று டிரம்ஸ் அண்ணனின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய
மையப் பணியாளர்கள்