ராத்திரியில் எழும்பிப் போற மனுசன்

— அந்தப் பையை இஞ்ச தாரும், பேச்சி.

— விடுங்க. டிக்கெட் எடுத்தாச்சு. பத்தரைக்கு சிகாமட் பஸ். அங்க எங்க அண்ணன் வந்து நிப்பாரு, அவரு ஊரு சாஆவுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு.

— ஒரு சொல்லுச் சொல்லாமலோ? பக்கத்து வீட்டு யோகேஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீர் பையோட பஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனீர் எண்டு.

— சொல்லிட்டு வர நீங்க வீட்டுல இருந்தீங்களா? ஏழு மணிக்கே சட்டைய மாட்டிட்டுக் கெளம்பியாச்சு. எங்கன்னு கேட்டா, "ஒரு அலுவல்".

— அலுவல் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தனான். கொஞ்ச நேரம் இப்பிடி இரும்.

— உட்கார்றேன். பஸ் வர இன்னும் இருவது நிமிஷம் இருக்கு. ஆனா நான் பேசறேன், நீங்க கேளுங்க. நடுவுல கைய ஆட்டி "இல்லை இல்லை"ங்கக்கூடாது.

— சரி.

— நமக்கு ரிஜிஸ்டர் ஆகி மூணு மாசம் ஆவுது. மொத ரெண்டு மாசம் நல்லாத்தான் போச்சு. இந்த மூணு வாரமா என்ன நடக்குது? பத்து மணிக்குப் படுக்கிறீங்க. ஒரு மணி, ரெண்டு மணிக்கு எழுந்து போறீங்க. விடியிற வரைக்கும் ஹால்ல நாற்காலில உட்கார்ந்திருக்கீங்க. லைட்டுகூட போடறதில்ல. நான் தூங்கிட்டேன்னு நெனச்சீங்களா? எனக்கு எல்லாம் தெரியும் லா.

— தெரியுமோ? ஒரு நாளும் கேக்கேல்லையே.

— என்னன்னு கேக்கிறது? அம்பத்தி நாலு வயசுல ரெண்டாவது தடவையா கல்யாணம் பண்ணிட்டு வந்தவ, "ஏங்க, என் பக்கத்துல படுக்கப் பிடிக்கலையா"ன்னு கேக்கணுமா? செவ்வாக்கெழமை ராத்திரி உங்க மேல கைய வச்சேன். தீ பட்ட மாதிரி தள்ளிப் படுத்தீங்க. இந்தப் புழுக்கத்துல ரெண்டு சட்டை வேற.

— அது வந்து...

— கைய ஆட்டாதீங்கன்னு சொன்னேன். அப்புறம் ஸ்கூடாய்ல இருக்கிற உங்க மகளுக்குப் போன் போட்டுப் பேசினது. சமையக்கட்டுல இருந்து எனக்குக் கேட்டுச்சு. "அவவுக்கு ஒண்டும் சொல்லாதை சுகந்தினி, வெள்ளிக்கிழமை முடிவு தெரிஞ்சிடும்." இன்னிக்கு வெள்ளிக்கெழமை. நீங்க வந்து முடிவு சொல்றதுக்கு முந்தி நானே கெளம்பிட்டா மரியாதையா இருக்கும்ல.

— என்ன முடிவு எண்டு நினைச்சீர்?

— வேற என்ன? நீங்க சிலோன்காரங்க. கவர்மெண்ட் ஆபீஸ்ல முப்பது வருஷம் பேனா புடிச்சவரு. நான் எஸ்டேட்டுல பொறந்து, சோபா கம்பெனில உட்கார்ந்து துணி தைக்கிறவ. உங்க மக நம்ம கல்யாணத்துக்கே வரல. "போதும்பா, அனுப்பிடுங்க"ன்னு அது சொல்லியிருக்கும். எப்படி அனுப்பறதுன்னு நீங்க ராத்திரி பூரா உட்கார்ந்து யோசிச்சிருப்பீங்க.

— கதைச்சு முடிஞ்சுதோ?

— முடிஞ்சிருச்சு.

— அப்ப இந்த உறையைத் திறந்து பாரும்.

— என்னது இது, கோர்ட்டுக் கடுதாசியா?

— மருந்து. காலமை போனது டாக்டரிட்டை. செவ்வாய்க்கிழமை என்ரை நெஞ்சில வயர் ஒட்டி, இடுப்பில ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி விட்டவை. ஒரு நாள் முழுக்க இருதயம் எப்பிடி அடிக்குது எண்டு அது பதிஞ்சு வைக்கும். அது உமக்குத் தெரியக்கூடாது எண்டுதான் ரெண்டு சட்டை. உம்மடை கையில வயர் தட்டுப்படும் எண்டுதான் தள்ளிப் படுத்தனான்.

— அலமாக்! இருதயமா?

— ஓம். படுத்துக் கண் அயரேக்கை துவங்கும். நாலு துடிப்பு விழுந்தடிச்சு ஓடும், பிறகு ஒண்டைக் காணேல்லை. இப்ப வரும், இப்ப வரும் எண்டு காத்துக்கொண்டு கிடப்பன். திடீரெண்டு நெஞ்சுக்குள்ள ஒரு குத்து. இடப்பக்கம் சரிஞ்சால் இன்னும் மோசம், காதுக்குள்ளயே கேக்கும். பேந்து எங்க நித்திரை?

— அப்ப... என்னை அனுப்பறதுக்கு இல்லையா?

— உம்மை ஏன் அனுப்பப் போறன்?

— வெறும் இருதயம்தானா?

— வெறும் இருதயமோ! நான் வருத்தம் எண்டு சொல்லுறன், நீர் சிரிக்கிறீர்.

— சிரிக்கலங்க, அழுவுறேன். ரெண்டும் சேர்ந்து வருது, நான் என்ன பண்ண? இருங்க, மூக்கைத் தொடச்சிக்கிறேன். ம்... இப்ப சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாரு? ஒண்ணும் மறைக்கக்கூடாது.

— இருதயத்தின்ரை மேலறை தாளம் தப்பி நடுங்குதாம். எந்த நேரமும் இல்லை, விட்டு விட்டுத்தான், அதுவும் கூட ராத்திரியில. அப்பிடி நடுங்கேக்கை உள்ளுக்குள்ள ரத்தம் கட்டிபட்டால், அது மூளைக்குப் போய் ஸ்ட்ரோக் வரும். எனக்குப் பிரஷரும் இருக்குத்தானே. அதால ரத்தம் உறையாமல் ஒரு குளிசை, துடிப்பை அடக்க ஒரு குளிசை. ஒரு நாளும் தவற விடக்கூடாது. நேரத்துக்கு வந்தீங்கள், பயப்பிடாதீங்கோ எண்டார். நல்லா இருக்கலாமாம்.

— நல்லா இருக்கலாம்னா? எத்தனை நாளைக்கு?

— கன காலத்துக்கு எண்டார். நான் ரெண்டு தரம் கேட்டனான். ரெண்டு தரமும் அதையேதான் சொன்னார்.

— முருகா! ... சரி, நெஞ்சு அப்படி அடிச்சா என்னை எழுப்பியிருக்கலாம்ல? எதுக்கு எழுந்து ஹாலுக்குப் போகணும்? நாற்காலில என்ன வைத்தியமா வச்சிருக்கு?

— உம்மடை முதல் மனுசன் போனதை எனக்குச் சொன்னனீர்தானே.

— ஆமா. தூக்கத்துலயே போயிட்டாரு. ராத்திரி பூரா அவரு மேல கையப் போட்டுக்கிட்டுத் தூங்கியிருக்கேன், எனக்குத் தெரியல. காலைல தொட்டா சில்லுன்னு இருக்காரு. அதுக்கு இப்ப என்ன?

— எனக்கு அது மறக்கேல்லை. அந்த மாதிரி ஒரு விடியல் உமக்கு இன்னொருக்கா வரக்கூடாது. அதால நெஞ்சு துவங்கினவுடனே எழும்பிப் போயிடுவன். உயிர் போறதெண்டால் நாற்காலியில இருந்தபடி போகட்டும். நீர் அறை வாசலில நிண்டே கண்டுகொள்ளுவீர், தொட்டுப் பாக்கத் தேவையில்லை.

— மூணு வாரமா இதுக்கா போய் உட்கார்ந்தீங்க?

— ஓம்.

— பைத்தியக்கார மனுஷா! நாற்காலில செத்துக் கெடந்தா மட்டும் எனக்கு வலிக்காதா?

— அதை நான் யோசிக்கேல்லை.

— முப்பது வருஷம் ஆபீஸ்ல என்னத்தத்தான் யோசிச்சீங்களோ! இங்க பாருங்க. இனிமே ரெண்டு மணியோ மூணு மணியோ, என்னை எழுப்பணும். எழுப்பினா கொறஞ்சா போயிருவேன்? ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்போம். ஒண்ணும் பேசலன்னாலும் பக்கத்துல இருப்பேன்.

— காலமை ஏழரைக்கு நீர் வேலைக்குப் போகவேணுமே.

— மெஷின்ல தூங்கிக்கிறேன், போங்க.

— டாக்டரும் உம்மைத்தான் கேட்டவர். அடுத்த முறை மனுசியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நீங்கள் குறட்டை விடேக்கை மூச்சு நிண்டு நிண்டு வருதோ எண்டு அவவுக்குத்தான் தெரியும் எண்டார். அதாலயும் இந்த வருத்தம் வருமாம்.

— கொறட்டையா? கேக்கட்டும், அவரு கிளினிக் சாத்தற வரைக்கும் சொல்றேன். அப்ப உங்க மக போன்ல என்னதான் சொல்லிச்சு?

— சுகந்தினியோ? அவ என்னை ஏசினவ. "ஆன்ட்டிக்கு முதல் நாளே சொல்லியிருக்கவேணும் அப்பா, மறைச்சால் அவ வேற என்னவும் நினைப்பா" எண்டு. ஞாயித்துக்கிழமை வாறாளாம், எங்கள் ரெண்டு பேரையும் பாக்க.

— அந்தப் பொண்ணு எனக்காகவா பேசிச்சு? நான் அதை என்னென்னமோ நெனச்சிட்டேனே, பாவம்.

— அந்தா, உம்மடை பஸ் வந்திட்டுது. என்ன, ஏறப் போறீரோ?

— டிக்கெட் கெடக்கட்டும் லா. கார் எங்க நிக்குது? வீட்டுக்குப் போய் மொதல்ல சாப்பிட்டு அந்த மாத்திரையப் போடுங்க.

— வாரும். அங்கால, ஆத்தோரமா விட்டிருக்கிறன். ஆ, பாவம், உம்மடை அண்ணர் சிகாமட்டில காத்துக்கொண்டு நிக்கப் போறார். வரேல்லை எண்டு ஒரு கோல் எடுத்துச் சொல்லும்.

— அது... அப்புறமா சொல்லிக்கிறேன்.

— ஏன் அப்புறம்? மனுசனுக்குச் சுகமில்லை, அதால வரேல்லை எண்டு உள்ளதைச் சொல்லுமன்.

— எந்த மனுசன்னு கேப்பாருங்க. நான் உங்களக் கட்டிக்கிட்டதே எங்க அண்ணனுக்கு இன்னும் தெரியாது.